கண்டும் காணாதவர் குற்றம்

ஆவடியில் ராணுவ டாங்கிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் முஸ்லிம் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மைக் காண வந்தார். வழக்குத் தொடுப்பதற்கன்று, யோசனை கேட்பதற்கே வந்தார். அவருடைய குமாரனுக்கு வயது ஒன்பது. கிரிக்கெட் பந்தயத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதும்போதெல்லாம் மறுநாள் வகுப்பில் சக மாணவர் சிலர் அவனைச் சூழ்ந்துகொண்டு, "உன் தேசம் என்ன ஆயிற்று?" என்று கேட்பார்களாம். மத்தியான வேளையில் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்காருவார்களாம். பையன் சில நாள் அழுதான். பிறகு அழுகையை நிறுத்திவிட்டான். சோற்றை உண்ணாமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தான். தகப்பனார் பள்ளிக்கூடத்துக்குப் போய் முறையிட்டபோது, "சிறுபிள்ளைகள் விளையாட்டாகப் பேசுகிறார்கள், பெரிதுபடுத்தாதீர்கள்" என்ற பதிலே கிடைத்தது. தேசத்தைக் காக்கும் டாங்கிகளுக்குத் தம் கையால் திருகு முடுக்குகிற அந்த மனிதர் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, அவனை வேறு எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்?"

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரை நாம் வெளியிடப் போவதில்லை. ஒரு பள்ளியைத் தூற்றுவது நமது நோக்கமன்று. அங்கே கிடைத்த பதில் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியதுமன்று. "விளையாட்டாகப் பேசுகிறார்கள்" என்ற அந்தச் சமாதானத்தையே நாம் இன்று ஆராய எடுத்துக்கொள்கிறோம். ஒன்பது வயதுப் பிள்ளைகள் அந்தச் சொற்களைத் தாமாகக் கற்பித்துக்கொள்ளவில்லை. வீட்டிலும் தெருவிலும் கைபேசித் திரையிலும் கேட்டவற்றைத் திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் அறியாதவர்கள்; அருகில் நின்று கேட்ட பெரியவர்களோ அறிந்தவர்கள். மதத்தின் பேரால் ஒரு பாலகனைத் துன்புறுத்தும் வழக்கம் நமது பள்ளிகளிலிருந்து ஒழிய வேண்டுமானால், முதலில் கணக்குக் கேட்கப்பட வேண்டியவன் ஏசிய சிறுவன் அல்லன். கேட்டும் கேளாதவர்போல் இருந்த பெரியவரே ஆவார் என்பது நமது துணிபு.

சென்னைக்கு மேற்கிலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பிரதேசத்துக்கு இவ்விஷயத்தில் தனிப் பொறுப்பு உண்டு. பூவிருந்தவல்லி, இராமாநுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். அதே ஊரில் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பள்ளிவாசலும் இருக்கிறது. ஆவடியில் 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஸ்ரீ தேபரின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. பின்னர் அங்கே எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அத்தொழிற்சாலையும், படை முகாம்களும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பாரத தேசத்தின் நாலு திக்குகளிலிருந்தும் ஜனங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. பஞ்சாபிச் சீக்கியர் மகனும், மலையாளக் கிறிஸ்தவர் மகளும், வடக்கேயிருந்து வந்த முஸ்லிம் தொழிலாளியின் பிள்ளையும், தென் ஜில்லாக்களிலிருந்து குடியேறிய ஹிந்துவின் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் உட்காரும் இடம் இது. தேசம் என்றால் என்ன என்பதை இங்குள்ள மாணவன் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் போதும். அப்படிப்பட்ட இடத்தில் பெஞ்சி பிளவுபடுமானால் வேறெங்கே அது ஒட்டி நிற்கும்?

பெரியவரே குற்றத்துக்குத் தூண்டுகோலானால் என்ன நேரும் என்பதை 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தேசம் முழுவதும் கண்டது. உத்தரப் பிரதேசம் முஸபர்நகர் ஜில்லாவில் குப்பாபூர் என்ற கிராமத்தில் ஒரு தனியார் பள்ளி. வாய்ப்பாடு ஒப்பிக்காத ஏழு வயது முஸ்லிம் பாலகனை நிற்கவைத்து, மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து அவனை அறையும்படி ஆசிரியை ஏவினார். கூடவே அவன் மதத்தைக் குறித்தும் பேசினார் என்பது குற்றச்சாட்டு. அந்தக் காட்சி படமாக எடுக்கப்பட்டுக் கைபேசிகளில் பரவியிராவிட்டால் அதுவும் ஒரு பள்ளிக்கூடத்துச் சில்லறைச் சமாசாரமாகவே மறைந்திருக்கும்.

மகாத்மா காந்தியின் கொள்ளுப்பேரரான ஸ்ரீ துஷார் காந்தி சுப்ரீம் கோர்ட்டை அணுகினார். 2023 செப்டம்பர் 25-ஆம் தேதி நீதிபதி அபய் ஓகா, நீதிபதி பங்கஜ் மித்தல் ஆகியோர் அடங்கிய பெஞ்சு, இக்குற்றச்சாட்டு உண்மையானால் ராஜாங்கத்தின் மனச்சாட்சியையே உலுக்க வேண்டிய விஷயம் இது என்று கூறியது. இன்ன சமூகத்தில் பிறந்தான் என்ற காரணத்துக்காக ஒரு மாணவன் தண்டிக்கப்படும் இடத்தில் தரமான கல்வி இருக்க முடியாது என்பது கோர்ட்டாரின் கருத்து. எந்தப் பிள்ளையும் ஜாதி, மதம் முதலியவற்றின் பேரால் பள்ளியில் ஏசப்படாமல் பார்த்துக்கொள்வது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை என்று அந்த மாகாணத்தின் கல்வி உரிமை விதிகளிலேயே எழுதியிருப்பதையும் எடுத்துக்காட்டினார்கள். இன்னொரு விஷயத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அடிபட்ட பாலகனுக்கு மட்டுமன்றி, அடித்த பிள்ளைகளுக்கும் மனத் தேறுதலுக்கான ஆலோசனை அளிக்கும்படி கோர்ட்டார் பணித்தார்கள். ஏவியவர் வேறு, ஏவப்பட்டவர் வேறு என்ற பேதத்தை நியாயஸ்தலம் மறக்கவில்லை.

"அதெல்லாம் வடக்கே, தமிழ்நாட்டில் அப்படி இல்லை" என்று நாம் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்த மமதையும் கண்ணை மூடிக்கொள்வதில் ஒரு வகையே. 2023 நவம்பரில் கோயம்புத்தூர்ப் பக்கத்து அரசாங்கப் பள்ளி ஒன்றில், ஒரு முஸ்லிம் மாணவியை அவளுடைய உணவையும் உடையையும் சொல்லி ஆசிரியர்களே அவமதித்ததாகப் புகார் கிளம்பிக் கல்வி அதிகாரிகள் விசாரணை நடத்த நேர்ந்தது. அதற்கு முந்திய வருஷம் ஏப்ரலில் கன்னியாகுமரி ஜில்லாவில் ஒரு அரசாங்கப் பள்ளி ஆசிரியை, வகுப்பில் தம் கிறிஸ்தவ சமயத்தை உயர்த்தியும் ஹிந்து சமயத்தைத் தாழ்த்தியும் பேசினார் என்ற புகாரின்பேரில் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஒன்றில் முஸ்லிம் குழந்தை. மற்றொன்றில் ஹிந்துக் குழந்தைகள். ஒன்றைப் பேசி மற்றொன்றை மறைப்பவர்கள் குழந்தைகளின் நண்பர்களல்லர், கட்சியின் நண்பர்களே.

சிறுபான்மை என்பது குடிமதிப்புக் கணக்கினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. நாற்பது பேர் உள்ள அறையில் தனியாக நிற்கும் ஒருவன் எவனோ அவனே அங்கே சிறுபான்மை. இந்த உண்மை கடல் கடந்த தமிழருக்கு நன்றாகத் தெரியும். 2013 ஜூலையில், ரமலான் நோன்பு மாதத்தில், மலேசியாவில் சுங்கை பூலோவிலுள்ள செரி பிரிஸ்தானா தொடக்கப் பள்ளியில் முஸ்லிமல்லாத பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் அமர்ந்து உண்ணும்படி விடப்பட்டார்கள். அவர்களுள் இந்திய வம்சாவளிக் குழந்தைகளும் இருந்தனர். சிற்றுண்டிச்சாலை பழுது பார்க்கப்படுகிறது என்பது அப்போது சொல்லப்பட்ட சமாதானம். அந்தப் படத்தைப் பார்த்து நமது நெஞ்சு கொதித்தது, கொதித்தது நியாயமே. சுங்கை பூலோவில் நம் குழந்தைக்காகக் கொதித்த நெஞ்சு, ஆவடியில் அடுத்த வீட்டுக் குழந்தைக்காகக் கொதிக்காவிட்டால் அதற்கு நியாயம் என்று பெயரில்லை. இனப்பற்று என்று மட்டுமே பெயர்.

தேசபக்தியைக் காரணம் காட்டி இவ்வேசல்களை மன்னிப்பவர்களும் உண்டு. தேசீயத்தைக் கொள்கையாக உடைய நாம் அவர்களுக்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 1985-ஆம் வருஷம் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசீய கீதம் பாடப்படும்போது அவர்கள் எழுந்து மரியாதையாக நின்றார்கள். தங்கள் சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. அது ஒன்றே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். 1986 ஆகஸ்டு 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி சின்னப்ப ரெட்டி அளித்த தீர்ப்பு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. மரியாதையாக நிற்பதே மரியாதை. வாய் திறந்து பாடும்படி கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவுமில்லை. சகிப்புத் தன்மையே நமது பரம்பரையும் அரசியல் சட்டமும் ஆகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தேசீய கீதத்தின் பேராலேயே ஒரு குழந்தையை விரட்டக் கூடாது என்றால், கிரிக்கெட் பந்தயத்தின் பேரால் விரட்ட யாருக்கு என்ன உரிமை?

இனி, சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். சட்டம் போதவில்லை என்ற கூக்குரல் அடிக்கடி எழுகிறது. உள்ள சட்டங்களை எண்ணிப் பார்த்தால் அது உண்மையல்லவென்று தெரியும். ராஜாங்கத்தின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், தன் சம்மதமின்றி, மைனராயின் காப்பாளர் சம்மதமின்றி, எவரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-வது ஷரத்து சொல்லுகிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆயினும், தன் பொறுப்பிலுள்ள குழந்தைக்குக் கொடுமை இழைப்பவரையும், கொடுமைக்கு ஆளாகும்படி அலட்சியமாய் விடுபவரையும் தண்டிக்கும் 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது.

இவை எல்லாவற்றிலும் நமது விஷயத்துக்கு நெருங்கிய சட்டம் தமிழ்நாட்டிலேயே பிறந்தது. 1996 நவம்பரில் அண்ணாமலை சர்வகலாசாலையில் மருத்துவ மாணவன் பொன் நாவரசு கொல்லப்பட்டான். அந்தக் கொடுமையின் விளைவாக 1997-ல் நமது சட்டசபை ராக்கிங் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கல்லூரி விடுதிகளை எண்ணியே அச்சட்டம் பேசப்பட்டு வருகிறது. அதன் வாசகமோ கல்லூரி என்று குறுக்காமல் கல்வி நிலையம் என்றே பேசுகிறது. ஒரு மாணவனுக்கு உடலிலோ உள்ளத்திலோ தீங்கும், அச்சமும், வெட்கமும் உண்டாக்கும் செய்கைகளை அது தடை செய்கிறது. அதில் அருமையான ஓர் ஏற்பாடு உண்டு. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத் தலைவர், குற்றத்துக்கு உடந்தையாயிருந்தவராகவே கருதப்பட்டுத் தண்டனைக்கு உரியவராவார். கண்டும் காணாதவர் குற்றவாளியே என்ற தர்மத்தை நம் மாகாணச் சட்டம் இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக ஏட்டில் வைத்திருக்கிறது. ஏட்டை விட்டு அது பள்ளிக்கூட வாசற்படி ஏறக் காணோம்.

இதற்குக் காரணம் என்ன? பெற்றோருக்குப் பயம்: புகார் செய்தால் பிள்ளை மேலும் ஒதுக்கப்படுவான், "பிரச்சினை பண்ணுகிறவர்கள்" என்ற பெயர் வரும். வாடகை வீட்டில் குடியிருக்கும் வெளியூர்த் தொழிலாளிக்கு இந்தப் பயம் இருமடங்கு. தலைமை உபாத்தியாயருக்கு வேறொரு பயம்: புகார் பதிவானால் பள்ளியின் பெயர் கெடும்; மேலதிகாரி விளக்கம் கேட்பார்; நாளைக்கு இரு மதத்தாரும் வாசலில் வந்து நிற்பார்கள். புகாரே இல்லாத பள்ளி நல்ல பள்ளி என்று மதிப்பிடும் வரையில், நல்ல உபாத்தியாயர்கூடப் புகாரை அமுக்கவே முயலுவார். அமுக்குகிற ஒவ்வொரு முறையும் ஏசியவன் ஒரு பாடம் கற்கிறான்: இதைச் செய்யலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்பதே அந்தப் பாடம்.

2023 ஆகஸ்டு 9-ஆம் தேதி இரவு நாங்குனேரியில் பட்டியல் ஜாதி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். ஜாதியின் பேரால் சக மாணவர் செய்துவந்த தொல்லையை அவன் வாய் திறந்து சொன்னதே அதற்குக் காரணம். அதன் பின்னர் சர்க்கார் நியமித்த மாஜி ஹைகோர்ட்டு நீதிபதி சந்துருவின் ஒருநபர்க் குழு, 2024 ஜூன் 18-ஆம் தேதி முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதிப் பெயரை நீக்குவது, வருகைப் பதிவேட்டில் ஜாதிக் குறிப்பு இல்லாமற் செய்வது, பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலரை நியமிப்பது முதலிய சிபாரிசுகள் அதில் உள்ளன. ஜாதியை உத்தேசித்து எழுதப்பட்டவையாயினும், அவற்றுட் பல மதத் தொல்லைக்கும் பொருந்தும். முக்கியமாக நல அலுவலரின் நியமனம் விரைவில் நடைபெற வேண்டும். பாடம் நடத்துபவரே புகாருக்கும் ஆளாகக் கூடிய இடத்தில், புகாரைக் கேட்க மூன்றாவது மனிதர் ஒருவர் அவசியம்.

ஒரு சிபாரிசைப் பற்றி மட்டும் நாம் வேறு அபிப்பிராயம் கொண்டுள்ளோம். வர்ணக் கயிறுகளோடு நெற்றிக் குறிகளையும் அக்குழு தடை செய்யச் சொன்னது. அதைப் பற்றிப் பெரும் கிளர்ச்சியும் உண்டாயிற்று. ஜாதிக்கு ஒரு வர்ணமாகக் கையில் கயிறு கட்டுவது பிறனுக்கு விடுக்கும் எச்சரிக்கை. அதைத் தடுப்பது நியாயம். தாய் இட்டுவிட்ட திருநீறோ, கழுத்திலே தொங்கும் சிலுவையோ, தலையில் கட்டிய துணியோ, சீக்கியப் பிள்ளையின் தலைப்பாகையோ அப்படிப்பட்டவையல்ல. எல்லாக் குறிகளையும் அழித்து நெற்றியை வெறுமையாக்கினால் சமாதானம் வரும் என்பது நமக்குச் சம்மதமல்ல. குறியைக் கண்டும் பகை கொள்ளாதிருக்கப் பழகுவதே கல்வி. கண்ணில் படாதவரையில் மட்டும் அயலானைப் பொறுத்துக்கொள்கிறவன், பள்ளியை விட்டு வீதிக்கு வந்தவுடன் என்ன செய்வான்?

"அப்படியானால் பத்து வயதுப் பையன்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்கச் சொல்லுகிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். ஒருபோதும் இல்லை. ராக்கிங் சட்டப்படி தண்டனை பெற்ற மாணவனை வேறெந்தக் கல்வி நிலையமும் சேர்க்கக் கூடாது. அக்கடுமை சிறுவர்மீது பாயலாகாது. இன்று ஏசுகிற பிள்ளையும் நம் பிள்ளையே. அவனை விரட்டினால் துவேஷத்தை இன்னொரு தெருவுக்கு அனுப்பியதாகுமேயன்றி அழித்ததாகாது. சிறுவனுக்குத் திருத்தம், பெரியவருக்குப் பொறுப்பு: இதுவே நாம் வேண்டும் முறை.

திருவள்ளூர், சென்னை ஜில்லாக்களின் கல்வி அதிகாரிகளுக்கு நாம் நான்கு யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம். முதலாவது, மதத்தையோ ஜாதியையோ சொல்லி ஒரு பிள்ளை ஏசப்பட்டதாகப் புகார் வந்தால், அதை அன்றே ஒரு பதிவேட்டில் எழுதித் தலைமை உபாத்தியாயர் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, புகார் சொன்ன பிள்ளையைப் பெஞ்சி மாற்றுவதும், பள்ளி மாறச் சொல்லுவதும் தடுக்கப்பட வேண்டும். துன்பப்பட்டவனே இடம் பெயர்வது தண்டனையன்றி வேறென்ன? மூன்றாவது, ஏச்சு எங்கே எப்போது நிகழ்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. சாப்பாட்டு வேளை, பள்ளி விடும் வேளை, கிரிக்கெட் பந்தயத்துக்கும் குண்டுவெடிப்புச் செய்திக்கும் அடுத்த நாள் காலை. இவ்வேளைகளில் உபாத்தியாயர் ஒருவர் பிள்ளைகள் நடுவில் இருக்க வேண்டும். நான்காவது, புகாரைப் பதிந்து தீர்த்துவைத்த பள்ளியைப் பாராட்டவும், பதியாமல் அமுக்கிய பள்ளியிடம் விளக்கம் கேட்கவும் அதிகாரிகள் கற்க வேண்டும். இந்த நான்காவது நடந்தால் மற்ற மூன்றும் தாமே நடக்கும்.

அதிகாரிகளை மட்டும் சொல்லி நாம் கையைக் கழுவிவிட முடியாது. சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சட்டப்படி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் அங்கத்தினரில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மேடையில் மத ஐக்கியம் பேசுகிற நமது தொண்டர்களில் எத்தனை பேர் தம் பிள்ளை படிக்கும் பள்ளியின் குழுக் கூட்டத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்திருப்பார்கள்? இம்மாதக் கூட்டத்தில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இப்பள்ளியில் மதத்தைச் சொல்லி எந்தக் குழந்தையாவது ஏசப்பட்டதா? ஏசப்பட்டதானால் என்ன செய்தீர்கள்?" கேள்வி கேட்கப்படுகிறது என்று தெரிந்தாலே பாதி வியாதி நீங்கும். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவித் தொலைபேசி எண்கள் இருப்பதையும் பெற்றோர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கேள்வியை முஸ்லிம் தகப்பனாரோ கிறிஸ்தவத் தாயாரோ தனியாக எழுந்து கேட்கும்படி விட்டுவிடாதீர்கள். பெரும்பான்மையைச் சேர்ந்தவர் எழுந்து கேட்டால்தான் அது தேசத்தின் கேள்வியாகும்.

நம்மிடம் வந்த அந்த அன்பருக்கு மேற்கண்ட சட்டங்களையெல்லாம் எடுத்துச் சொன்னோம். பையனை அதே பள்ளியில் வைத்திருந்து நியாயம் கேட்கும்படி வற்புறுத்தினோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தனம் கூறிச் சென்றார். அடுத்த மாதம் மகனை, தம் மதத்தார் பிள்ளைகளே பெரும்பாலும் படிக்கும் தொலைதூரப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட்டார். பையன் இப்போது பஸ்ஸில் போய் வருகிறான். சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்புகிறதாம். தகப்பனார்மீது நாம் குற்றம் காணவில்லை. தம் குழந்தையின் வயிற்றைப் பட்டினி போட்டுத் தேசத்தின் ஒற்றுமையைக் காக்கும்படி எந்தப் பெற்றோரையும் கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அவன் விட்டுப்போன வகுப்பில் இப்போது முப்பத்தொன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அயல் மதத்துப் பையன் ஒருவனோடு சேர்ந்து உட்கார்ந்து வளரும் வாய்ப்பை அவர்கள் இழந்துவிட்டார்கள். அந்த நஷ்டத்துக்குப் பொறுப்பாளி, அன்று அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவரே. நாமும் அவரைப்போல் நிற்கப் போகிறோமா என்பதை நேயர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தீர்மானிக்கட்டும்.